உறைந்த குழாயும் மனனம் செய்த வரியும்



பள்ளி வேலைகளின் நெருக்கடியில் இப்பக்கம் நெடுநாளாக வெறுமையாய்க் கிடந்தது. பொறுத்தருள்க. இன்று எழுத வந்திருக்கும் செய்தி, வெயிலும் மழையும் தவிர வேறு பருவம் அறியாத நம் நாட்டவர்க்குச் சற்று வியப்பாக இருக்கலாம். குளிர்காலத்தில் வீட்டுத் தண்ணீர்க்குழாய் உறைந்துபோவது பற்றியது அது. 'இதற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன ஐயா தொடர்பு?' என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியல் கற்பித்த ஒருவனின் மானத்தோடு தொடர்புடையது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் மகள் என்னிடமே படித்தவள். நான் அப்போது பணியாற்றிய தோட்டப் பள்ளியில், என் அறிவியல் வகுப்பில், முன்வரிசையில் அமர்ந்திருந்தவள். வீட்டில் 'அப்பா', பள்ளியில் 'ஐயா'. யூபிஎஸ்ஆர் தேர்விலும் எஸ்பிஎம் தேர்விலும் அறிவியல் பாடங்களில் அவள் பெற்ற மதிப்பெண்களைச் சொல்லி மகிழாத உறவினர் இல்லை. பிறகு இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஷெஃபீல்டு நகருக்குப் பட்டப்படிப்புக்குச் சென்றாள். அங்கே ஒரு பழைய வரிசை வீட்டை வேறு மூன்று மாணவியரோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தாள். 2022ஆம் ஆண்டிறுதி விடுமுறையில், சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டு, நானும் என் மனைவியும் அவளைக் காணச் சென்றோம்.

நாங்கள் இலண்டனில் இறங்கியது டிசம்பர் 11. அன்றிரவே தென் இங்கிலாந்தில் பனி கொட்டத் தொடங்கியது. அந்த வாரம் முழுவதும் பிரிட்டனில் கடுங்குளிர். ஸ்காட்லாந்தின் பிரேமார் என்னும் சிற்றூரில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 17 பாகையையும் தாண்டிச் சென்றது. எங்களை வரவேற்க இலண்டனுக்கு வந்த மகள், நான்கு நாள் எங்களோடு தங்கி ஊரைச் சுற்றிக் காட்டினாள். தொடர்வண்டி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த வாரம் அது. ஆகவே 15ஆம் நாள் பேருந்து பிடித்து ஷெஃபீல்டு போய்ச் சேர்ந்தோம்.

அவளுடைய தோழியர் மூவரும் விடுமுறைக்குத் தத்தம் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தனர். நான்கு நாளாக வீட்டில் ஆள் இல்லை. வீட்டைச் சூடாக்கும் பாய்லரை நால்வரும் பேசி வைத்துக்கொண்டு முற்றாக அணைத்துவிட்டுப் போயிருக்கின்றனர். காரணம் சிக்கனம். உக்ரேன் போருக்குப் பிறகு அங்கே எரிவாயுக் கட்டணம் எவ்வளவு ஏறியது என்பது அவ்வாண்டு செய்தி படித்த எவருக்கும் தெரியும். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆளில்லாத அறையின் விளக்கை அணைத்துவிடு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாமல்லவா? அவர்கள் நம் பாடத்தைத்தான் பின்பற்றினார்கள்.

கதவைத் திறந்தோம். வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகையாய் வருகிறது. மனைவி தேநீர் போடலாம் என்று சமையலறைக் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டு நீர் இல்லை. குளியலறையிலும் இல்லை. நம் ஊராக இருந்தால் 'தண்ணீர் வெட்டுப் போலும்' என்று வாளியைத் தேடியிருப்போம். மகள் மட்டும் சற்று நேரம் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "அப்பா, குழாய் உறைந்துவிட்டது" என்றாள். உடனே, ஏதோ மந்திரம்போல, நான் பத்து வயதில் அவளுக்கு எழுதிக் கொடுத்த வரியை அப்படியே சொன்னாள்: "நீர் உறையும்போது விரிவடையும்."

வரி சரிதான். ஒரு சொல்லும் பிசகவில்லை. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. வரியைக் கற்பித்த எனக்கும் தெரியவில்லை.

எனக்குத் தோன்றிய வழியை நான் செய்யத் தொடங்கினேன். குடிநீர்ப் போத்தலில் மீந்திருந்த நீரைக் கொதிக்க வைத்து, அதைக் குழாயின்மீது ஊற்றலாம் என்று கெண்டியைத் தூக்கினேன். அந்நேரம், நாங்கள் வந்த ஓசை கேட்டு நலம் விசாரிக்க வந்த அண்டை வீட்டு முதியவர் வாசலில் நின்றார். ஓய்வு பெற்றவர், அந்தத் தெருவிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கெண்டியைப் பார்த்ததும் கையை உயர்த்தித் தடுத்தார். பச்சைத் தண்ணீரினும் குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின்மீது கொதிநீரை ஊற்றினால் குழாயும் இணைப்பும் பிளக்கலாம் என்றார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி இது: "இந்த வீட்டின் ஸ்டாப்காக் எங்கே இருக்கிறது?"

ஸ்டாப்காக் என்றால் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் நீர் முழுவதையும் நிறுத்தும் பிரதான வால்வு. பதினைந்து மாதமாக அந்த வீட்டில் வாழும் என் மகளுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஊரில் இருந்த தோழியரைத் தொலைபேசியில் அழைத்தாள். மூவருக்கும் தெரியாது. ஒருத்தி பொறியியல் மாணவி! வீட்டை வாடகைக்கு விட்ட முகவரின் அலுவலகத்தில் எவரும் தொலைபேசியை எடுக்கவில்லை.

வழக்கமாகப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில்தான் இருக்குமாம். அங்கே இல்லை. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் தேடினோம். கடைசியில், கொல்லைக் கதவருகே இருந்த மூலை அலமாரியில், என் மகள் தமிழ்க்கடையில் வாங்கி வைத்திருந்த பத்துக் கிலோ அரிசி மூட்டைக்குப் பின்னால் அகப்பட்டது. பித்தளைத் திருகு. எத்தனை ஆண்டுகளாக எவரும் தொடவில்லையோ, இறுகிக் கிடந்தது. நான் பலங்கொண்டு முறுக்கப் போனேன். முதியவர் மீண்டும் தடுத்தார். வேகமாக முறுக்கினால் தண்டு உடைந்துவிடும், பிறகு நிறுத்தவே முடியாது என்று சொல்லி, ஒரு துணியைச் சுற்றி, அப்படியும் இப்படியும் சிறிது சிறிதாக அசைத்து, வலஞ்சுழியாகத் திருப்பி அடைத்தார்.

நான் கேட்டேன்: "தண்ணீர்தான் வரவில்லையே, எதை அடைக்கிறீர்கள்?" அவர் சிரித்துவிட்டுச் சொன்ன பதில் என் அறிவியல் வகுப்பில் நான் ஒருநாளும் சொல்லாதது. குழாய் உறைந்திருக்கும்போது, அது ஏற்கனவே வெடித்திருந்தாலும், பனிக்கட்டியே அடைப்பானாக நின்று நீரைத் தடுத்து வைத்திருக்கும். பனி உருகும்போதுதான் வெள்ளம் வரும். ஆகவே முதலில் வால்வை அடை; குழாயைத் திறந்து வை; அதன் பிறகு சூடேற்று.

அதன்படியே செய்தோம். வால்விலிருந்து புறப்படும் செம்புக் குழாய், மூன்று பக்கமும் வெளிக்காற்று படும் அந்தச் சமையலறையின் வடக்குச் சுவரை ஒட்டி ஓடி, கதவைச் சுற்றிக்கொண்டு தொட்டிக்கு வருகிறது. கதவருகே ஒரு பாகம் தொட்டால் விரல் ஒட்டும்போல் இருந்தது. உறைந்த இடம் அதுதான். மகளின் முடி உலர்த்தியையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டுகளையும் கொண்டு, திறந்திருந்த குழாயின் பக்கத்திலிருந்து தொடங்கி, உறைந்த இடத்தை நோக்கி மெல்ல மெல்லச் சூடேற்றினோம். நடுவிலிருந்து தொடங்கினால் உருகிய நீருக்கும் நீராவிக்கும் போக வழியிராது. தீ வைக்கும் கருவி எதையும் அருகில் கொண்டுவரக் கூடாது. நீர் கசிந்திருந்தால் மின்கருவியும் ஆகாது. முடி உலர்த்தியைச் சொருகுவதற்கு முன் முதியவர் தரையெல்லாம் தடவிப் பார்த்த காரணம் அதுதான்.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் குழாய் ஒருமுறை கொப்பளித்து, ஒரு குவளை நீரைத் துப்பியது. வால்வை முதியவர் ஒரு சுற்று மட்டும் திறந்தார். உடனே தொட்டிக்கு அடியில் 'ஸ்ஸ்' என்று ஓசை. முழங்கை போல் வளையும் இணைப்பருகே, மயிரிழை போன்ற பிளவிலிருந்து நீர் விசிறியடித்தது. மீண்டும் அடைத்தோம். சிந்தியது ஒரு வாளி அளவுதான். மறுநாள் குழாய் பழுதுபார்ப்பவர் வந்து அந்தத் துண்டை வெட்டியெடுத்து வேறு வைத்தார். அன்றிரவு பக்கெட்டில் முதியவர் கொண்டுவந்து கொடுத்த நீரில்தான் சோறு பொங்கினோம்.

அன்று நள்ளிரவில் இன்னொரு கூத்து. ஓயாமல் ஓடிய பாய்லர் வயிறு கடமுடாவென்று உருள்வதுபோல் ஒலியெழுப்பி நின்றுவிட்டது. இங்கிலாந்தில் 2005 முதல் புதிதாகப் பொருத்தும் எரிவாயுப் பாய்லர்கள் பெரும்பாலும் புகையிலுள்ள நீராவியையும் குளிரவைத்து வெப்பத்தை மீட்கும் வகையைச் சேர்ந்தவையாக இருக்கவேண்டும் என்பது விதி. அந்த நீர் வெளியேற ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் சுவருக்கு வெளியே செல்கிறது. அது உறைந்தால் பாய்லர் தானே அணைந்துவிடும். 2010 டிசம்பரில், அந்நாட்டின் நூறாண்டுப் பதிவுகளில் மிகக் குளிர்ந்த டிசம்பரில், எத்தனையோ வீடுகளில் இதே கதைதானாம். வெதுவெதுப்பான நீரை அந்த வெளிக்குழாயின்மீது ஊற்றியதும் பாய்லர் உயிர்பெற்றது. இதையும் மறுநாள் காலை முதியவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

இனி அந்தத் தெருக்கோடி வீட்டைச் சொல்லவேண்டும். அதுவும் மாணவர் வீடு. எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். 18ஆம் நாள் ஞாயிறன்று குளிர் திடீரென்று விலகியது. 19ஆம் நாள் நம் ஊர் மலைவாழிடம்போல் இதமான காற்று! அன்று காலை அந்த வீட்டின் வாசற்கதவுக்கு அடியிலிருந்து நீர் தெருவில் வழிந்துகொண்டிருந்தது. மேல்மாடிக் குழாய் எப்போதோ வெடித்திருக்கிறது; பனி உருகியதும் இரவு முழுவதும் கொட்டியிருக்கிறது. கூடத்தின் மேற்கூரைப் பலகை இடிந்து விழுந்து, நான்கு பிள்ளைகளின் புத்தகங்களும் மெத்தைகளும் சுண்ணாம்புச் சேற்றில் கிடந்தன. அந்தப் பிள்ளைகளின் முன்பணம் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. என் மகளின் வாடகை ஒப்பந்தத்தை மட்டும் அன்று மாலை எடுத்துப் படித்தேன். 'குளிர்காலத்தில் வீட்டைக் குறைந்த அளவிலாவது சூடாக வைத்திருக்க வேண்டும். தவறினால் ஏற்படும் சேதத்துக்கு வாடகைதாரர் பொறுப்பு' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் மிகச் சிறந்த தேர்ச்சி பெற்ற என் மகள் அதற்குக் கீழே கையொப்பமிட்டிருந்தாள். படிக்கவில்லை.

அந்தச் சில நாள்களில் எங்கெங்கோ அப்படித்தான் நடந்தது. பனிமுறிவுக்குப் பின் தென்கிழக்கு இங்கிலாந்தில் பல்லாயிரம் வீடுகள் நீரின்றித் தவித்தன. வீடுகளில் உள்ளும் புறமும் வெடித்த குழாய்களில் நீர் ஓடி, தேக்கத் தொட்டிகள் வற்றிவிட்டன. 2018 மார்ச்சிலும் இதே கதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் நான்கு மணி நேரத்துக்கும் அதிகமாக நீரிழந்தனர் என்று நீர்த்துறை ஒழுங்காற்று அமைப்பு பின்னர் அறிக்கை வெளியிட்டது.

விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பினேன். ஆசிரியர் அறையில் இதை நான் சொன்னபோது ஒரு நண்பர் கேட்டார்: "குளிர்நாட்டுக் கதை நமக்கு எதற்கு? நம் நாட்டில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே கேமரன் மலையில் 7.8 பாகைதான், 1978இல். நம் குழாய் எந்தக் காலத்தில் உறையப்போகிறது?"

நல்ல கேள்வி. இதே நம்பிக்கையில்தான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தாரும் இருந்தனர். வெப்பமான ஊர், ஆகவே நீர்க்குழாய்களை உறையேதும் போடாமல் கூரைக்கடியில் ஓடவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் கடுங்குளிர் வந்தது, மின்சாரமும் நின்றது. குழாய்கள் வெடித்துக் கூரைகள் ஒழுகின. அந்தப் பேரிடரில் இறந்தோர் 246 பேர் என்பது மாநில அரசே சொன்ன கணக்கு. பெரும்பாலோர் குளிரினால் மாண்டனர். அங்கே குளிர் வரும் என்று நான் இங்கே பயமுறுத்தவில்லை. நண்பருக்கு நான் சொன்ன பதில் வேறு. நம் பிள்ளைகள் இங்கேயே இருந்துவிடப் போவதில்லை. பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உருசியாவுக்கும் படிக்கப் போகிறார்கள். போகாவிட்டாலும், 2020 செப்டம்பரில் ஆற்றில் மாசு கலந்து நீர் ஆலைகள் மூடப்பட்டுச் சிலாங்கூரில் ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றதே, அப்போது வறண்ட குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்து வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? நீர் திரும்பியபோது வீடு குளமாகியது. வால்வு எங்கே என்று தெரிந்த பிள்ளை ஒன்று அந்த வீட்டில் இருந்திருந்தால் போதாதா?

நண்பர் அதோடு விட்டார். நான் விடவில்லை. ஏனென்றால் என்னை உறுத்தியது குளிர் அன்று. ஒரு சின்ன முரண்பாடு. பனிக்கட்டி இருந்தது கதவருகே. குழாய் பிளந்தது தொட்டிக்கு அடியில், உறையாத இடத்தில்! தொட்டிக்கடியில் வைத்திருந்த சலவைத்தூள் பெட்டியின் அடி ஈரமாக இருந்ததை மனைவி முதலிலேயே சுட்டிக்காட்டியிருந்தார். நாங்கள் பொருட்படுத்தவில்லை. 'நீர் உறைந்து விரிகிறது, குழாயைப் பிளக்கிறது' என்றுதானே இத்தனை ஆண்டு கற்பித்தேன்? அப்படியானால் பனிக்கட்டி இருந்த இடமல்லவா பிளந்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடத் தூண்டியவன் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பு மாணவன் ஒருவன். தேர்வுகளில் பெரும்பாலும் கடைசி இடம். அவனுடைய தந்தை வீடுகளுக்குக் குழாய் பொருத்துபவர். புதிய தவணையில் நான் வகுப்பில், "உங்கள் வீட்டுக்கு வரும் நீரை முழுவதும் நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். பத்தொன்பது பிள்ளைகளில் மூவர் கை தூக்கினர். இவன் எழுந்து நின்றே விட்டான். மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள வால்வையும், கூரைத் தொட்டிக்குப் போகும் வால்வையும், எதை அடைத்தால் எது நிற்கும் என்பதையும் கையசைத்து விளக்கினான். அந்த வகுப்பில் அவன் குரலை நான் அவ்வளவு நேரம் கேட்டது அதுவே முதன்முறை.

பிறகு ஒரு சோதனை செய்தோம். இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களில் விளிம்புவரை நீர் நிரப்பி, ஒன்றை இறுக மூடியும் மற்றதைத் திறந்தும் சிற்றுண்டிச்சாலை அம்மாவின் உறைபெட்டியில் நிற்க வைத்தோம். மறுநாள் மூடியது வயிறு புடைத்து அடியில் விரிந்திருந்தது. திறந்ததில் பனிக்கட்டி வாயைத் தாண்டி எழும்பி நின்றது. நீர் பனிக்கட்டியாகும்போது கனஅளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுகிறது என்று கரும்பலகையில் எழுதினேன். அப்போது அவன் கேட்டான்: "ஐயா, திறந்த போத்தல்ல ஐஸ் மேல வந்துருச்சு. குழாய்ல அது எந்தப் பக்கம் போகும்?"

எனக்கு அங்கேயே உறைத்தது. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் கட்டட ஆய்வாளர்கள் 1990களில் குழாய்களை உறையவைத்து அளந்திருக்கிறார்கள். பனிக்கட்டி பக்கவாட்டில் சுவரைத் தள்ளுவது மட்டுமே காரணமன்று. பெரும்பாலும் அது குழாயின் நீளவாட்டில் ஓர் அடைப்பானாக வளர்கிறது. தெருப்பக்கம் உள்ள நீரை அது பின்னுக்குத் தள்ளிவிடலாம், அங்கே இடமுண்டு. ஆனால் மறுபக்கம்? அங்கே மூடிய குழாய் இருக்கிறது. அடைப்பானுக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே அகப்பட்ட நீர் சுருங்காது, போகவும் வழியில்லை. அழுத்தம் பன்மடங்கு ஏறி, எது பலவீனமான இடமோ அதைப் பிளக்கிறது. அது பனிக்கட்டி இல்லாத இடமாகவும் இருக்கலாம். குளிர்நாட்டில் கடுங்குளிர் இரவில் குழாயைச் சற்றே திறந்து நீரைச் சொட்டவிடுங்கள் என்று சொல்வதன் பயன் இதுதான். சொட்டு நீர் உறையாது என்பதைவிட, அழுத்தம் வெளியேற வழி இருக்கிறது என்பதே பெரிது. உறைபோடாத குழாய்க்குக் காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஆறு ஏழு பாகை சென்றால் ஆபத்து தொடங்குகிறது என்றும் அவர்கள் கண்டனர்.

ஆக, நான் இருபதாண்டுக் காலம் சொன்னது பொய்யன்று, அரைகுறை. அந்த அரைகுறையைக் கேள்விகேட்க விடாமல், விடைத்தாளுக்கு ஏற்ற ஒற்றை வரியாக்கி, மனனம் செய்யவைத்து, மதிப்பெண்ணும் போட்டேன். யூபிஎஸ்ஆர் 2021இல் ஒழிக்கப்பட்டது. அந்தத் தேர்வு நம் வகுப்பறைகளில் விட்டுச் சென்ற பழக்கம் ஒழியவில்லை. இப்போதும் பயிற்றி நூல்களில் 'முக்கியச் சொல்' தேடுகிறோம். 'விரிவடையும்' என்று எழுதினால் ஒரு புள்ளி. 'ஐஸ் எந்தப் பக்கம் போகும்' என்று கேட்டவனுக்குப் புள்ளி கிடையாது.

பெற்றோர்களே, உங்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நானும் பெற்றோன்தான், ஆகவே என்னையும் சேர்த்தே சொல்கிறேன். வீட்டில் குழாய் ஒழுகினால் நான் மகளை அழைக்கவில்லை. 'நீ போய்ப் படி' என்றேன். அவளும் போய்ப் படித்தாள், அறிவியல் புத்தகத்தை! ஒழுகும் குழாய் சமையலறையில், அறிவியல் அறைக்குள். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் நான் பார்த்துக்கொண்டேன். நம் முன்னோர் தோட்ட லயங்களில் பொதுக்குழாயில் வரிசை நின்று நீர் பிடித்தவர்கள். நீர் எப்போது வரும், எப்படி வரும், எவர் திறந்துவிடுவார் என்பதெல்லாம் அன்றைய பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அந்த வறுமையை நான் போற்றவில்லை. வசதி வந்தபோது அறிவையும் ஏன் சுவருக்குள் புதைத்தோம் என்றுதான் கேட்கிறேன்.

முன்பு தொடக்கப்பள்ளியில் 'வாழ்வியல் திறன்' என்று ஒரு பாடம் இருந்தது. இப்போது 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' இருக்கிறது. பாடத்தின் பெயரில் குறையில்லை. பாடநூலில் வால்வின் படம் இருந்தாலும் பிள்ளை தன் வீட்டு வால்வைத் தொட்டதில்லை என்றால் அதை என்னவென்பது? இதற்குத் தனிப் பாடமோ, கல்வி அமைச்சின் சுற்றறிக்கையோ தேவையில்லை. உறைதல், உருகுதல் நடத்தும் அதே வாரத்தில் ஒரு மாலை போதும்.

நான் செய்தது இவ்வளவே. 'நீர் வரும் வழி' என்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். மீட்டரிலிருந்து கடைசிக் குழாய்வரை நீர் எப்படிப் போகிறது என்று பிள்ளை வரைய வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வால்வை ஒருமுறை அடைத்துத் திறந்து, எந்தப் பக்கம் திருப்பினால் அடைபடுகிறது என்று எழுத வேண்டும். பெற்றோர் கையொப்பம் வேண்டும். ஒரு தாயார் மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டார். மகன் மீட்டர் பெட்டிக்குள் கையை விட்டுச் சட்டையெல்லாம் துருவாக்கிக்கொண்டானாம். "சோதனை வர்ற நேரத்துல இது என்னங்க ஐயா பாடம்?" என்று கேட்டார். கோபம் நியாயமானதுதான்; வெள்ளைச் சட்டை. கையுறை போடச் சொல்லாதது என் பிழை என்று ஒப்புக்கொண்டேன். பாடத்தைத் திரும்பப் பெறவில்லை. ஷெஃபீல்டு தெருக்கோடி வீட்டின் கைப்பேசிப் படம் ஒன்றை அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைங்களோட அம்மா அப்பாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

பத்தொன்பது தாள்களில் பதினேழு திரும்பி வந்தன. குழாய் பொருத்துபவரின் மகன் தன் தாளோடு பக்கத்து வீட்டுப் பாட்டியின் வீட்டையும் வரைந்து கொண்டுவந்தான். ஒரு தாளில் பிள்ளையின் படத்துக்குக் கீழே, கையொப்பமிடும் இடத்தில், தந்தை தம் கையால் எழுதியிருந்தார்: 'ஐயா, நானும் மகளும் திருகிப் பார்த்தோம். இறுகிவிட்டது, சுழலவில்லை. இந்த வீட்டுக்கு வந்து பதினோராண்டு. சனிக்கிழமை வேறு வால்வு மாற்றுகிறோம். அவளும் உடனிருப்பாள்.'